கோடையில் இலை உதிர்ந்து நிற்கும் டைலிகோடானுக்குத் தண்ணீர் விடலாமா?

விடாதீர்கள். மே மாதம் மொட்டையாக நிற்கும் உங்கள் டைலிகோடான் பேனிகுலேட்டஸ் சாகவில்லை, உறங்குகிறது.

இது தென்னாப்பிரிக்காவின் நமாக்வாலாந்துப் பக்கத்துச் சதைப்பற்றுச் செடி. அங்கே மழை பெய்வது மே முதல் செப்டம்பர் வரையிலான குளிர்காலத்தில் (தென் அரைக்கோளம் என்பதால் பருவங்கள் நமக்குத் தலைகீழ்; இங்கே வளரும் செடி நம் பருவத்தைப் பின்பற்றும்). கோடை முழுக்க வறட்சி. அதனால் குளிரில் இலைவிட்டு, பருத்த அடித்தண்டில் நீரைச் சேர்த்து, வெயில் வந்ததும் இலைகளை உதிர்த்துவிடும். உறங்கும்போது நுண்வேர்கள் பெரும்பாலும் காய்ந்துபோகும். அப்போது விடும் தண்ணீரை வேர் உறிஞ்சாது. சூடான மண்ணில் அது தேங்கினால் அடித்தண்டு அழுகிவிடும்.

நான் பெங்களூரில் வளர்க்கிறேன். இங்கே வெயிலைவிட, ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழைக்குத்தான் பயப்படுவேன். செடி ஆழ்ந்து உறங்கும் மாதங்கள் அவை. இலை பழுக்கத் தொடங்கியதுமே தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்து, சாரல் படாத, காற்றோட்டமுள்ள கூரைக்கடியில் தொட்டியை வைத்துவிடுவேன். அடித்தண்டு லேசாகச் சுருங்கினால் கவலை வேண்டாம். அழுத்தும்போது கொழகொழவென்று இருந்தால்தான் ஆபத்து.

இன்னொன்று, பலரும் ஏமாறுவது பூவில். இலையே இல்லாத கோடையில்தான் இது செம்மஞ்சள் குழல் பூக்களை விடும். சேமித்த நீரிலேயே பூக்கிறது. செடி விழித்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். கிளை நுனியில் புது இலை எட்டிப் பார்க்கட்டும். இரவு குளிரத் தொடங்கும் அக்டோபர் வாக்கில் அது நடக்கும், ஆனால் மாதத்தைவிடச் செடியை நம்புங்கள். அப்புறம் தயங்காமல் நல்ல வெயிலில் வைத்து, தொட்டியின் அடித்துளை வழியே வடியும் அளவுக்கு ஊற்றி, மண் காய்ந்தபின் மறுபடி ஊற்றுங்கள். கலவையில் பாதிக்கு மேல் பியூமிஸோ (எரிமலை நுரைக்கல்) செங்கல் ஜல்லியோ இருக்கட்டும்.

யானைக்கால் கிழங்கு எனப்படும் டயோஸ்கோரியா எலிஃபன்டிபீஸுக்கும் ஏறக்குறைய இதே முறைதான். கொடி முளைவிட்டதும் தண்ணீரைத் தொடங்கலாம்.

சென்னை போல இரவிலும் வெக்கை தணியாத ஊரில் இவை சிரமப்படும். அங்கே முதல் செடியாக, வெயிலில் வளரும் அடீனியத்தையே (பாலைவன ரோஜா) சொல்வேன்.

சின்ன நாற்றுகளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அவற்றின் தண்டில் சேமிப்பு குறைவு. கோடையிலும் எப்போதாவது மாலையில் மண்ணின் ஓரத்தைக் கொஞ்சம் நனைக்கலாம். டைலிகோடான் ஆடுமாடுகளைக் கொல்லும் நஞ்சுள்ளது, வீட்டில் ஆடோ நாயோ இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள்.