இரண்டு பைக், ஒரே ரூட்: வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் ஆல்ப்ஸ் மலைக்கு பைக்கில் போகிறவர்கள்தான் அதிகம், அதிலும் நண்பரோடு ஜோடியாகக் கிளம்புகிறவர்கள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கே: நானும் நண்பரும் ஜூலையில் மியூனிக்கில் ஆளுக்கொரு பைக் வாடகைக்கு எடுத்து ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று பத்து நாள் சுற்றப்போகிறோம். தினம் 450 கி.மீ. என்று நண்பர் திட்டம் போட்டிருக்கிறார். அவர் என்னைவிட நன்றாகவே வேகமாக ஓட்டுவார். சமாளிக்க முடியுமா?

ப: 450 கி.மீ. முடியாது. மேப் பார்த்துப் போட்ட திட்டம் அது, ரோடு பார்த்துப் போட்டது இல்லை. சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட் ஊரிலிருந்து சுஸ்டன், கிரிம்சல், ஃபுர்கா என்று மூன்று கணவாய்களைச் சுற்றி அதே ஊருக்குத் திரும்பினால் மொத்தமே 120 கி.மீ. பக்கம்தான் வரும், ஆனால் மேலே நின்று ஒரு காபி குடித்து, நான்கு போட்டோ எடுத்து, முன்னால் ஊர்ந்துபோகும் கேரவன் வண்டிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டு வந்தால் அரை நாள் போயே போய்விடும். மலையில் சராசரி வேகம் மணிக்கு 40, 50 கி.மீ. என்று கணக்கு வையுங்கள். ஒரு நாளைக்கு 200 முதல் 250 போதும், மழை பெய்தால் அதுவும் அதிகம்.

எனக்கு அதைவிடக் கவலை உங்கள் கடைசி வரிதான். இரண்டு பேர் போகும் டூரில் விபத்தோ சண்டையோ வந்தால், பெரும்பாலும் காரணம் வேக வித்தியாசம். அது இருப்பது தப்பில்லை, அதைப் பேசாமல் கிளம்புவதுதான் தப்பு. பின்னால் வருபவர் விட்டுப்போய்விடக் கூடாதே என்று தன்னால் முடிந்ததைவிட வேகமாக வளைவுக்குள் போவார், முன்னால் போனவருக்கோ கண்ணாடியைப் பார்த்துப் பார்த்தே ரோடு ரசிக்காமல் போகும்.

மெதுவாக ஓட்டுபவரை முன்னால் விடுங்கள் என்று வழக்கமாகச் சொல்வார்கள். சமவெளியில் அது சரி. மலையில் எனக்கு அதில் உடன்பாடு இல்லை, முதுகுக்குப் பின்னால் வேகமான பைக் ஒன்று உறுமிக்கொண்டே வந்தால் யாருக்கும் கைகால் ஓடாது. ஏற்றத்தில் நண்பரை முன்னால் போகச் சொல்லிவிடுங்கள். கணவாய் உச்சியில் அவர் காத்திருக்கட்டும், நீங்கள் உங்கள் வேகத்தில் போய்ச் சேருங்கள். நடுவில் ரோடு பிரியும் ஒவ்வொரு இடத்திலும் முன்னால் போனவர் நின்று, உங்கள் லைட் கண்ணில் பட்ட பிறகுதான் திரும்ப வேண்டும். அதோடு இன்னொரு ஒப்பந்தமும் வேண்டும், இதை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள்: பின்னால் வருபவர் எக்காரணம் கொண்டும் ரூட்டை மாற்றக் கூடாது. குறுக்கு வழி தெரிகிறது, அங்கே நல்ல ஏரி இருக்கிறது, எதுவும் கிடையாது. அப்போதுதான் இருபது நிமிடம் ஆகியும் ஆளைக் காணோம் என்றால் முன்னால் போனவர் வந்த வழியே திரும்பினால் போதும், எங்கோ வழியில் உங்களைப் பார்த்துவிடுவார். மலை மடிப்புகளில் போன் சிக்னல் போய்விடும், ஹெல்மெட்டில் மாட்டும் இன்டர்காமும் இரண்டு வளைவு தாண்டினால் பேசாது, அவற்றை நம்பி இருக்க வேண்டாம்.

கே: இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் வளைவுகளை வீடியோவில் பார்த்தாலே பயமாக இருக்கிறது. இடது பக்கம் ஓட்டியே பழகியவன் நான், பைக் வேறு கனமானது. அந்த இடத்தை விட்டுவிடலாமா?

ப: விட வேண்டாம், ஆனால் அதற்கு இருக்கும் பெயரைப் பார்த்து மிரளவும் வேண்டாம். உயரம் 2,757 மீட்டர். ஆஸ்திரியப் பேரரசின் காலத்தில், 1820களில் போட்ட ரோடு. அடிவாரத்து பிராட்டோ ஊர்ப் பக்கமிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட கல் இருக்கும், இன்னும் எத்தனை பாக்கி என்று பார்த்துக்கொண்டே ஏறலாம்.

அங்கே வண்டிகள் வலது பக்கம் போகும். அதனால் ஏறும்போது வலதுபக்கம் திரும்பும் வளைவுகள்தான் உள்வட்டத்தில் வந்து ரொம்பக் குறுகலாக இருக்கும், புதியவர்கள் பைக்கைக் கீழே போடுவது பெரும்பாலும் அங்கேதான். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். முதல் கியரோ இரண்டாவதோ, எஞ்சின் திணறாமல் இழுக்க வேண்டும். கொஞ்சம் கிளட்ச் பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்து, கழுத்தை நன்றாகத் திருப்பி ரோடு எங்கே வெளியேறுகிறதோ அங்கே பாருங்கள், சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் தாரைப் பார்த்தால் பைக் அங்கேயே படுத்துவிடும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடாதீர்கள். உள்ளே நுழையும் முன் மேலே ஒரு பார்வை பார்த்து, பஸ்ஸோ காரோ இறங்கி வந்தால் கீழேயே நின்றுவிடுங்கள், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. இறங்கும்போது எஞ்சினே வேகத்தைப் பிடிக்கட்டும், பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிவிடும்.

காலை எட்டு மணிக்குள் ஏற ஆரம்பித்துவிடுங்கள், வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் சைக்கிள்காரர்கள், கார்கள், உச்சியில் கடைகளின் கூட்டம் என்று திருவிழாதான். கோடைமுடிவில் ஒரு நாள் சைக்கிளுக்கு மட்டும் என்று ரோட்டையே மூடிவிடுவார்கள், தேதியை முன்கூட்டியே பாருங்கள். குளிரை மறந்துவிடாதீர்கள். பிராட்டோ சுமார் 900 மீட்டரில் இருக்கிறது, அங்கிருந்து உச்சி கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்கு மேல் குறையும் என்பதால், கீழே 26 டிகிரியில் டி-சர்ட்டோடு நிற்பவர் மேலே 14 டிகிரியில், காற்றும் சேர்ந்துகொள்ள, விரல் விறைத்துப்போய் நிற்பார். விரல் விறைத்தால் பிரேக் பிடிக்கும் நுணுக்கம் போய்விடும். கீழே இருக்கும்போதே உள் ஜாக்கெட்டைப் போட்டுவிடுங்கள்.

உண்மையைச் சொன்னால், போட்டோவுக்கு ஸ்டெல்வியோ, ஓட்டுவதற்கு கிரிம்சல். இது என் சொந்த அபிப்பிராயம், திட்டி எழுத நினைப்பவர்கள் எழுதலாம்.

கே: ஸ்டிக்கர், டோல், போலீஸ் விஷயங்களில் எதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்?

ப: சுவிட்சர்லாந்தில் மோட்டார்வே ஏற, டோலுக்குப் பதிலாக, பைக்குக்கும் வருட ஸ்டிக்கர் வேண்டும், 40 பிராங்க். 2023லிருந்து ஆன்லைனிலும் வாங்கலாம். ஆஸ்திரியாவில் பத்து நாளுக்கும் கிடைக்கும். இரண்டும் ஏற்கெனவே பைக்கில் இருக்கிறதா என்று வாடகைக்காரரிடம் முதலில் கேளுங்கள். இத்தாலியில் ஓடிய தூரத்துக்கு ஏற்றபடி கேட்டில் பணம். கணவாய் ரோடுகள் பெரும்பாலும் இலவசம், ஆனால் ஆஸ்திரியாவின் குரோஸ்குளோக்னர் போன்ற சில ரோடுகளுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். குரோஸ்குளோக்னருக்கு நல்ல தொகை, கொடுத்த காசுக்கு மோசமில்லை.

சுவிட்சர்லாந்தில் ஊருக்குள் 50, வெளியே 80, மோட்டார்வேயில் 120. மீறினால் அபராதம் பர்ஸைக் காலி செய்யும், உங்கள் வேகமான நண்பரிடம் இதை இரண்டு முறை சொல்லுங்கள். ஸ்பீடு கேமரா இருக்கும் இடத்தை எச்சரிக்கும் கருவிகளும் ஆப்களும் அங்கே சட்டவிரோதம், எல்லை தாண்டும் முன் அணைத்துவிடுங்கள். மஞ்சள் நிறப் போஸ்ட் பஸ் மூன்று சுரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தால் ஒதுங்கிவிடுங்கள். நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு போட்ட மலை ரோடுகளில் அதற்குத்தான் முன்னுரிமை, டிரைவர் கை காட்டினால் கேட்டே ஆக வேண்டும்.

ஆஸ்திரியாவில் பைக்கிலும் முதலுதவிப் பெட்டி கட்டாயம். அப்புறம் டிரோல் மாநிலத்தில், ராய்ட்டே பக்கத்து சில ரோடுகளில், 2020லிருந்து கோடையில் ஒரு தடை இருக்கிறது: நின்ற நிலையில் 95 டெசிபலுக்கு மேல் சத்தம் போடும் பைக் போகக் கூடாது. அந்த எண் பைக்கின் பதிவுப் பத்திரத்திலேயே இருக்கும், சாவி வாங்கும்போதே பாருங்கள். கேட்க இனிமையான பைக் என்று நண்பர் ஆசைப்பட்டு எடுப்பது அந்த ரோடுகளில் நுழைய முடியாத பைக்காக இருக்கலாம்.

கே: பயண இன்சூரன்ஸ் எடுத்தாகிவிட்டது. போதும்தானே?

ப: பாலிசியை எடுத்து மோட்டார் சைக்கிள் என்ற வார்த்தையைத் தேடுங்கள். குறிப்பிட்ட சிசிக்கு மேல் பைக் ஓட்டினால் பணம் இல்லை என்று பல பாலிசிகளில் சின்ன எழுத்தில் இருக்கும். ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்றும் பாருங்கள், மலையில் அதுதான் வரும், பில் பெரிது. வாடகை பைக்குக்கு ஏதாவது ஆனால் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பது தனிக் கணக்கு, அதையும் கேட்டு வையுங்கள். நண்பரின் பாஸ்போர்ட், பாலிசி நகல், அவர் வீட்டு நம்பர் உங்களிடம் இருக்கட்டும், உங்களுடையது அவரிடம். அவசரத்துக்கு 112 எல்லா நாட்டிலும் வேலை செய்யும். சுவிட்சர்லாந்தின் ரேகா ஹெலிகாப்டர் சேவைக்கு 1414.

கே: நான்கைந்து நாளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காமல் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

ப: உண்மை. பசி, களைப்பு, ஈரச் சாக்ஸ், இவை மூன்றும் சேர்ந்தால் பள்ளிக்கூடத்திலிருந்து பழகியவரும் அந்நியராகிவிடுவார். முடிந்தால் தனித்தனி அறை எடுங்கள். குறட்டை விடுபவர் தன் குறட்டையை ஒப்புக்கொண்டதாகச் சரித்திரமே இல்லை. பயணத்தின் நடுவில் ஒரு நாள் ஒரே ஊரில் இரண்டு இரவு தங்கி, பகலில் அவரவர் இஷ்டத்துக்குப் போங்கள், ஒருவர் மலை சுற்றட்டும், இன்னொருவர் துணி துவைத்துத் தூங்கட்டும். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது பேசவும் புதிதாக ஏதாவது இருக்கும்.

பணத்துக்கு, கிளம்பும் அன்றே ஆளுக்குச் சமமாகப் போட்டு ஒரு பொதுப் பர்ஸ் வையுங்கள். பெட்ரோல், டோல், காபி எல்லாம் அதிலிருந்து. யாருடைய பைக் எவ்வளவு குடித்தது என்று பைசா சுத்தமாகப் பார்க்க ஆரம்பித்தால் டூர் அங்கேயே முடிந்தது. யாருடைய டேங்க் சின்னதோ அவர் நிற்கச் சொன்னால் நிற்க வேண்டும். மழையிலும் இருட்டிலும் இன்றைக்கு வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதுவே முடிவு, வாக்குவாதம் கிடையாது. ரூட்டை மட்டும் ஒரு நாள் அவர், ஒரு நாள் நீங்கள் என்று மாற்றி மாற்றி முடிவு செய்யுங்கள்.

கே: இத்தாலியின் லிவிக்னோ ஊரில் பெட்ரோல் மலிவாமே, சுற்றிப்போகலாமா?

ப: வரியில்லா ஊர், மலிவுதான். ஆனால் பைக் டேங்க் பதினைந்து, இருபது லிட்டர், அதற்காகச் சுற்றினால் மிச்சம் ஒன்றும் இருக்காது. போர்மியோவிலிருந்து ஃபோஸ்காக்னோ கணவாய் வழியாக எப்படியும் வருகிறீர்கள் என்றால் நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கிருந்து சுவிட்சர்லாந்துக்குள் போக ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது, ஒற்றை வழி, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித்தான் விடுவார்கள், டோலும் உண்டு. கோடையில் ஃபோர்கோலா கணவாய் திறந்திருக்கும், அதில் ஏறி சுவிட்சர்லாந்தின் பெர்னினா கணவாய்ப் பக்கம் இறங்குங்கள். பைக்குக்கு அதுதான் நல்ல வழி.