ஆறு டேபிள் போக்கர்: கண் சொட்டு மருந்து போதுமா?

கேள்வி: வயது 34. டொராண்டோவில் இருக்கிறேன். வேலை முடிந்து வந்ததும் ஆன்லைனில் போக்கர் (பணம் வைத்து ஆடும் சீட்டாட்டம்) ஆடுவேன். ஒரு டேபிளில், அதாவது ஒரே ஒரு ஆட்டத்தில் தொடங்கியது, இப்போது ஒரே நேரத்தில் ஆறு. கண் எரிகிறது, வலது மணிக்கட்டு வலிக்கிறது, படுத்தால் சீட்டுகள் கண்ணுக்குள் ஓடுகின்றன. கண்ணுக்குச் சொட்டு மருந்தும் தூக்கத்துக்கு மாத்திரையும் சொல்லுங்கள் டாக்டர்.

பதில்: சொட்டு மருந்து சொல்கிறேன். தூக்க மாத்திரை இப்போதைக்கு வேண்டாம்.

ஒரே டேபிளில் ஆடுகிறவர் வருகிற கைகளில் (சீட்டுச் சுற்றுகளில்) பெரும்பாலானவற்றை ஃபோல்டு செய்துவிட்டு, அதாவது சீட்டைப் போட்டு விலகிவிட்டு, சும்மா உட்கார்ந்திருப்பார். கண் சிமிட்டுவதும் மவுஸை விட்டுக் கையை உதறுவதும் அப்போதுதான். ஆன்லைனில் ஒரு டேபிளில் மணிக்கு 60, 70 கை ஓடுகிறது என்றால் ஆறில் 400. இங்கே ஃபோல்டு செய்த அடுத்த நொடி இன்னொரு டேபிளில் உங்கள் முறைக்கான கடிகாரம் ஓடும். சும்மா இருக்கும் நேரமே உங்களுக்கு இல்லை. நிமிடத்துக்கு 15 தடவை சிமிட்டவேண்டிய கண், திரையை உற்றுப் பார்க்கையில் அதில் பாதிகூடச் சிமிட்டுவதில்லை. குளிர்காலத்து ஹீட்டர் காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பிரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, நாளைக்கு நான்கு முறை. சிவப்பைப் போக்கும் சொட்டு வேண்டாம். நிறுத்தினால் கண் இன்னும் சிவக்கும். பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் இரவில் மரத்துப்போனால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்று சந்தேகிக்கலாம். மணிக்கட்டை மடங்காமல் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் (பட்டை) போட்டுப் படுங்கள், குடும்ப மருத்துவரிடம் காட்டுங்கள்.

சீட்டு ஓடுவதற்குப் பயப்படாதீர்கள். டெட்ரிஸ் என்ற வீடியோ கேம் ஆடியவர்களுக்கும் உறங்கப்போகும் நேரத்தில் கட்டைகள் விழுவது தெரிந்தது என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2000-இல் எழுதினார்கள். ஆடியதே நினைவில்லாத மறதி நோயாளிகள் சிலருக்கும் தெரிந்ததாம்! படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஆட்டத்தை மூடுங்கள். மாலைக்குமேல் காபி வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. ஒன்று ஏன் ஆறானது? ஒரு டேபிளில் கிடைக்கும் லாபம் சொற்பம், அதனால் கூட்டினேன் என்பது கணக்கு. அப்படி ஆடுகிறவர்கள் உண்டு. ஒரு டேபிள் போரடிக்கிறது என்றால் அது வேறு. ஒரு வாரம் இரண்டே டேபிள் ஆடிப் பாருங்கள், பந்தயத் தொகையையும் ஏற்றாமல். எரிச்சலும் பதற்றமும் வருகிறதா? இன்னும் இரண்டு கேள்விகள்: பந்தயத்தை மேலும் மேலும் கூட்டத் தோன்றியதுண்டா? எவ்வளவு ஆடுகிறீர்கள் என்று வீட்டில் பொய் சொல்ல நேர்ந்ததுண்டா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலே மருத்துவரிடம் பேசவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறு இருக்கிறது, ஆன்லைன் வகைக்குத் தனி எண்ணோடு. பேச்சு சிகிச்சையில் நல்ல பலன் உண்டு. சிலருக்கு நால்ட்ரெக்ஸோன் மாத்திரையும் தருகிறோம்.

உதவிக்கு அழைக்க, உங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் கனெக்ஸ்ஒன்டாரியோ உதவி எண், 1-866-531-2600. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ், 14416, தமிழிலேயே பேசலாம்.