ஷமபாலுக்கு ஒரு பொற்கிரீடம்

வணக்கம். அயல் துறைமுகங்களில் பீனிசியரின் (இன்றைய லெபனான் கடற்கரையின் பழங்காலக் கடல்வணிகர்) வழிபாட்டுச் சங்கங்கள் கோயில் கட்டின என்று எழுதியிருந்தீர்கள். கோயில் கட்டுவது அரசர்களின் வேலை அல்லவா? வணிகர்கள் தெய்வத்தின் பெயரால் கூடியது வியாபாரத்துக்குப் போர்த்திய போர்வை என்றே எனக்குத் தோன்றுகிறது.
— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சொந்த ஊரில் அரசன்தான் கட்டினான். பீனிசிய நகரமான சீதோனின் அரசன் எஷ்முனாசார் தானும் தாயும் கட்டிய கோயில்களைத் தன் கல்பேழையிலேயே பொறித்துக்கொண்டான். ஆனால் பிழைப்புக்காக ஏதென்ஸில் குடியேறியவனுக்கு எந்த அரசன் வந்து கட்டித் தருவான்? அங்கே அயலாருக்கு நிலம் வாங்கும் உரிமைகூட இல்லை. சைப்ரஸ் தீவின் கிதியோன் நகர வணிகர்கள் அப்ரோதிதே தேவிக்குக் கோயில் எழுப்ப, கி.மு. 333இல் ஏதென்ஸ் மக்களவையிடம் மனுப்போட்டுத்தான் நிலம் வாங்க அனுமதி பெற்றார்கள். தனி ஆளாகப் போய் நின்றால் நடக்கிற காரியமா இது?

ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்தில் கிடைத்த கல்வெட்டு இன்னும் சுவையானது. மர்ஸேஹ் என்ற விருந்து விழாவின் நான்காம் நாள் சீதோனியர் கூடுகிறார்கள். கோயில் முற்றத்தைக் கட்டி முடித்த மாகோனின் மகன் ஷமபாலுக்கு 20 திராக்மா (கிரேக்க வெள்ளி நாணயம்) பெறுமான பொற்கிரீடம் சூட்டத் தீர்மானிக்கிறார்கள். தீர்மானத்தைக் கல்லில் வெட்டிக் கோயில் மண்டபத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்த வேண்டும்; அதற்கு இன்னொரு 20 திராக்மா, தெய்வத்தின் பணத்திலிருந்து. தொண்டு செய்தவருக்குக் கைம்மாறு செய்யச் சமூகத்துக்குத் தெரியும் என்பதைச் சீதோனியர் அறியட்டும் என்று காரணத்தையும் ஒளிக்காமல் எழுதிவிட்டார்கள். அடுத்த கொடையாளியைத் தூண்டும் கெட்டிக்காரத்தனம்! கிரீடமும் தீர்மானமும் ஏதென்ஸ் பாணி. ஆனால் கடைசியில் ஒரு வரி கிரேக்கம் போக மற்றதெல்லாம் பீனிசிய மொழி. ஊராரைக் கவர எழுதியதென்றால் ஊரார் மொழியில் அல்லவா எழுதியிருப்பார்கள்?

உங்கள் கட்சிக்கும் ஒரு சாட்சி உண்டு. டெலோஸ் தீவில் பெய்ரூட்காரர்கள் கடல் தெய்வமான பொசைடன் பெயரால் அமைத்த சங்கம் வணிகர், கப்பல்காரர், கிடங்குக்காரர் சங்கம் என்றே தன்னைச் சொல்லிக்கொண்டது. கட்டடம் பாதியில் பணத்துக்குத் திண்டாடியபோது, மார்கஸ் மினாத்தியஸ் என்ற ரோமானியர் தமக்கு வரவேண்டிய வட்டியை விட்டுக்கொடுத்து, மேலும் 7,000 திராக்மா தந்தார். முற்றத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அதே கட்டடத்தில்தான் சந்நிதிகளும் இருந்தன. இதில் வியாபாரத்தை எங்கே வெட்டிப் பக்தியை எங்கே ஒட்டுவது? அவர்களுக்கு அந்தச் சிக்கலே இருந்ததாகத் தெரியவில்லை.

போர்வை என்றால் லாபம் போனதும் கழற்றி எறிந்திருப்பார்கள். இத்தாலியின் புதெயோலி துறைமுகத்தில் குடியேறிய, பீனிசிய நகரமான தீருவின் மக்கள் கி.பி. 174இல் தாயகத்துக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். நாங்கள் சிலராகிவிட்டோம், எங்கள் மூதாதையர் தெய்வங்களின் பலிக்கும் வழிபாட்டுக்கும் செலவு செய்துவிட்டு எங்கள் வணிக நிலையத்தின் ஆண்டு வாடகை 250 தெனாரி (ரோமானிய வெள்ளி நாணயம்) கட்ட முடியவில்லை என்கிறார்கள். ரோமிலுள்ள தீரு நிலையம்தான் அதை எப்போதும் கொடுத்துவந்தது என்று தீரு அவையில் ஒருவர் எழுந்து சொல்ல, மற்றவர்கள் ஆமோதித்துக் குரலெழுப்பியதும் கல்லில் பதிவாகியிருக்கிறது: "எப்போதும் இப்படித்தான் நடந்தது, இப்போதும் அப்படியே நடக்கட்டும்!"