பார்சலுக்காகக் கொடுத்த எண்

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் மூன்று ஒரே பொருளைப் பற்றியவை. மூன்றும் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்திருக்கின்றன. முதல் கடிதத்தில் உள்ள கேள்விகள் அலைபேசி வழியாகப் பொருள் விற்கும் எல்லோருக்கும் உரியவை என்பதால் அதன் பெரும்பகுதியை இங்கே தருகிறோம்.

கேள்வி: நான் இராமநாதபுரத்தில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஒரு பாடம். ஒரு வலைத்தளத்தைப் பார்த்துவிட்டுப் போனவரை விளம்பரம் எப்படிப் பின்தொடர்கிறது என்று வகுப்பில் நடத்தியபோது, அப்பாவின் வள்ளத்துக்கு எஞ்சின் உதிரிப் பாகம் தேடிய நாளிலிருந்து என் அலைபேசியில் வலை, மிதவை, ஜிபிஎஸ் கருவி என்று விளம்பரங்கள் வந்துகொண்டே இருந்ததன் காரணம் புரிந்தது. அடுத்த வாரமே அந்த உத்தியை நானே கையாள வேண்டி வந்தது. செய்முறைப் பயிற்சிக்கு, அம்மாவும் சித்தியும் பாம்பனில் நடத்தும் கருவாட்டு வியாபாரத்தை எடுத்துக்கொண்டேன். அம்மாவின் ஆர்டர் நோட்டில் மதுரை, திருச்சி, சென்னை வாடிக்கையாளர்களின் பெயரும் முகவரியும் அலைபேசி எண்ணும் இருக்கின்றன. அவற்றை எக்செல்லில் ஏற்றிச் சமூக வலைத்தள விளம்பரக் கணக்கில் சேர்த்தால், அவர்களுக்கும் அவர்களைப் போன்ற பிறருக்கும் நம் விளம்பரம் போய்ச் சேரும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எண்கள் ஹாஷ் செய்யப்பட்டுத்தான் போகும், அதனால் பயமில்லை என்றும் சொன்னார்கள். தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது ஓரிடத்தில் அம்மாவின் கையெழுத்தில் இப்படி இருந்தது: “நெத்திலி ஒரு கிலோ. உப்பு கம்மி. வீட்டுக்காரருக்கு பிரஷர்.” அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. அந்த அக்கா அம்மாவை நம்பிச் சொன்னதை நான் எங்கே கொண்டுபோகிறேன்? பட்டியலை ஏற்றலாமா? சட்டம் என்ன சொல்கிறது? நாம் பேசுவதை அலைபேசி ஒட்டுக்கேட்டு விளம்பரம் அனுப்புகிறது என்று தோழிகள் சொல்வது உண்மையா?
– கல்லூரி மாணவி, பாம்பன்.

பதில்: பட்டியலை ஏற்ற வேண்டாம். அந்த வாடிக்கையாளர்கள் உங்கள் அம்மாவிடம் எண்ணைக் கொடுத்தது, பார்சல் வந்து சேர வேண்டும், கூரியர்காரர் வழி கேட்டு அழைத்தால் எடுக்க வேண்டும் என்பதற்காக. இன்னொரு நிறுவனத்தின் கணினியில் தங்கள் எண்ணைச் சேர்த்து, தங்களைப் போன்றவர்கள் யார் யார் என்று தேடுவதற்கு அவர்கள் இசைவு தந்ததாக உங்கள் நோட்டில் எங்கும் எழுதப்பட்டிருக்காது. ஒரு வேலைக்காகக் கொடுத்த விவரத்தை, கொடுத்தவர் அறியாமல் வேறு வேலைக்குத் திருப்புவதுதான் இந்தத் துறை முழுவதிலும் உள்ள அடிப்படைக் கோளாறு என்பது என் உறுதியான எண்ணம். நீங்கள் கேட்ட மற்றக் கேள்விகளும் இதில்தான் வந்து முடிகின்றன.

ஹாஷ் பற்றி உங்களுக்குச் சொன்னது பாதிதான் சரி. எண்ணை ஒரு கணக்குமுறைக்குள் செலுத்தி, பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காத நீண்ட எழுத்துக்கோவையாக மாற்றித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் ஒரே எண்ணை எத்தனை முறை செலுத்தினாலும் அதே கோவைதான் வரும். விளம்பர நிறுவனத்திடம் உங்கள் வாடிக்கையாளர் தம் கணக்கைத் தொடங்கும்போது கொடுத்த எண் முன்பே இருக்கிறது. அதையும் அதே முறையில் மாற்றி வைத்திருக்கிறார்கள். இரண்டும் பொருந்தியதும் ஆள் யார் என்று தெரிந்துவிடுகிறது. பொருந்தாவிட்டால் உங்கள் விளம்பரமே அவரிடம் போய்ச் சேராது. ஆளை அடையாளம் காண்பதற்காகவே செய்யப்படும் ஒரு வேலையை, ஆள் யாரென்று தெரியாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது முறையல்ல. அதோடு, இந்திய அலைபேசி எண்கள் பத்து இலக்கம் கொண்டவை, 6, 7, 8, 9 ஆகிய இலக்கங்களில் ஒன்றில் தொடங்குபவை. ஆகவே இருக்கக்கூடிய எண்கள் மொத்தம் நானூறு கோடிதான். இன்றைய கணினி ஒன்று அவை அனைத்தையும் மாற்றிப் பட்டியல் போட்டு, எந்தக் கோவை எந்த எண்ணுக்கு உரியது என்று கண்டுபிடிப்பது கடினமான காரியம் அன்று.

சட்டத்துக்கு வருவோம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக நடந்த நீண்ட விவாதங்களுக்குப் பிறகு, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; வணிகர்கள் மீதான பெரும்பாலான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது. இந்தச் சட்டம் டிஜிட்டல் வடிவில் உள்ள தரவுக்கு மட்டுமே பொருந்தும். காகிதத்தில் வாங்கிப் பிறகு டிஜிட்டலாக மாற்றியதும் அதில் அடங்கும். அதாவது, உங்கள் அம்மாவின் நோட்டு இச்சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. நீங்கள் தட்டச்சு செய்த எக்செல் உள்ளே வந்துவிட்டது. வியாபாரம் சிறியது என்பதனால் மட்டும் யாரும் தாமாக விலக்குப் பெற்றுவிடுவதில்லை.

ஒப்புதல் என்பது கட்டாயமின்றி, குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காக, விவரம் அறிந்து, தெளிவாகத் தரப்பட வேண்டும் என்கிறது சட்டம். அதற்கு அதிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தொலைவிலிருந்து மருத்துவ ஆலோசனை தரும் செயலி ஒன்று, சிகிச்சைக்கான விவரங்களோடு அலைபேசியில் உள்ள தொடர்புப் பட்டியலையும் கேட்கிறது. பயன்படுத்துபவர் இரண்டுக்கும் சரி என்று சொல்லிவிடுகிறார். சிகிச்சைக்குத் தொடர்புப் பட்டியல் தேவையில்லை என்பதால், அவர் தந்த ஒப்புதல் சிகிச்சை அளவோடு நின்றுவிடும் என்று சட்டம் தீர்க்கிறது. சரி என்ற பொத்தானை அழுத்தியவருக்கே இந்தப் பாதுகாப்பு இருக்கும்போது, எதையும் அழுத்தாமல், கருவாடு கேட்டு அழைத்த அந்த அக்காவைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவர் கணவரின் இரத்த அழுத்தத்தைப் பற்றிய குறிப்பை எக்செல்லிலிருந்து இன்றே நீக்கிவிடுங்கள். உப்பு குறைவு என்ற குறிப்பு மட்டும் இருந்தாலே அடுத்த பார்சலைச் சரியாக அனுப்ப முடியும்.

அப்படியென்றால் பயிற்சிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியே அனுப்பும் பிராட்காஸ்ட் வசதியைப் பாருங்கள்: உங்கள் எண்ணைத் தம் அலைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். அடுத்த பார்சல்களில், “புதிய கருவாடு வந்ததும் தகவல் வேண்டுமானால் இந்த எண்ணைச் சேமித்துவிட்டு, வேண்டும் என்று ஒரு செய்தி அனுப்புங்கள்” என்று ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். அனுப்பியவர்கள் மட்டும் பட்டியலில் இருக்கட்டும். போதும் என்று ஒருவர் சொன்னால் அன்றே எடுத்துவிடுங்கள். ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் விதி. புதியவர்களைச் சென்றடைய ஊர், மொழி ஆகியவற்றைக் குறித்து விளம்பரம் கொடுத்தாலே போதும். அதற்கு யாருடைய எண்ணும் தேவைப்படாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாள் தடைக்காலத்தில் மீன் வரத்து குறைந்துவிடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எந்த மீன், எந்தக் கரையில் வாங்கியது, எத்தனை நாள் காய்ந்தது, உப்பு எவ்வளவு என்பவற்றைப் படத்தோடு அந்தச் சமயத்தில் எழுதிப் பாருங்கள். இதையெல்லாம் உண்மையாகச் சொல்ல உங்கள் அம்மாவால் முடியும். பெரிய நிறுவனங்களுக்கு அது அத்தனை எளிதன்று.

இனி, உங்களைப் பின்தொடர்ந்த வலையும் மிதவையும். குக்கி என்பது, வலைத்தளம் நம் கருவியில் வைத்துவிடும் சிறு கோப்பு. அதை 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மொண்டூலி உருவாக்கினார். வந்தவர் கூடையில் எடுத்து வைத்த பொருளை இணையக் கடை மறந்துவிடாமல் இருக்கவே அது உருவானது. பின்னர் விளம்பர நிறுவனங்கள், பல தளங்களில் ஒரே ஆளை அடையாளம் காண அதையே எடுத்துக்கொண்டன. உதிரிப் பாகம் விற்ற தளத்தில், பிக்சல் என்று வகுப்பில் படித்திருப்பீர்களே, அந்தச் சிறு நிரல் இருந்திருக்கும். நீங்கள் வந்ததை அது விளம்பர நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டது. அதன் பிறகு நீங்கள் வேறொரு பக்கத்தைத் திறக்கும்போது, அது திரையில் முழுமையாக விரிவதற்குள், உங்கள் கண்ணில் படும் இடத்துக்காக விளம்பரதாரர்களின் கணினிகளுக்கிடையே ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. பாம்பன் கரையில் மீன் ஏலம் எடுப்பவர் கூடையில் இருப்பதைப் பார்த்து விலை சொல்வதுபோல, அங்கே உங்களைப் பற்றிச் சேர்த்த விவரத்தைப் பார்த்து விலை சொல்கிறார்கள்.

ஒட்டுக்கேட்பதைப் பற்றி: அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மைக்கை இரகசியமாக இயக்கிப் பேச்சை அனுப்பும் செயலி எதுவும் அதில் அகப்படவில்லை. திரையில் நடப்பதைப் படம்பிடித்து வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பிய செயலி அகப்பட்டது. நீங்களும் தோழிகளும் ஒரே வைஃபையில் இருக்கிறீர்கள், ஒரே இடத்தில் இருக்கிறீர்கள், ஒருவர் எண் மற்றவர் அலைபேசியில் இருக்கிறது. ஒரு தோழி ஒரு பொருளைத் தேடினால், அதே விளம்பரம் மற்றவருக்கும் வர இவையே போதுமானவை. பேச்சைக் கேட்காமலேயே இவ்வளவும் செய்ய முடிகிறது என்பதுதான் என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்கிறது.

கேள்வி: என் மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். பாடம் படிக்க ஒரு செயலியில் என் எண்ணைக் கொடுத்ததிலிருந்து பயிற்சி மையங்கள் என்று சொல்லிக்கொண்டு பலரும் அழைக்கிறார்கள். கடலில் இருக்கும்போது சிக்னல் கிடைப்பதே அரிது. கிடைக்கும் நேரத்திலும் இந்த அழைப்புதான். என்ன செய்யலாம்?
– மீனவர், தொண்டி.

பதில்: ஐயா, 1909 என்ற எண்ணுக்கு அழைத்து, விளம்பர அழைப்புகள் வேண்டாம் என்று பதிவுசெய்யுங்கள். பிறகும் வந்தால், அழைத்த எண்ணையும் தேதியையும் குறித்து அதே 1909-இல் புகார் தரலாம். மகனுக்கு 18 வயது நிறையாததால் புதிய சட்டத்தின் கண்ணில் அவர் குழந்தை. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் இன்றி அவருடைய தரவைக் கையாளக் கூடாது. அவருடைய நடவடிக்கைகளைக் கண்காணித்து அவரைக் குறிவைத்து விளம்பரம் செய்யவும் கூடாது. கல்வி நிறுவனங்கள் பாடத்துக்காகவும் பாதுகாப்புக்காகவும் கண்காணிக்க விதிகளில் ஓரளவு விலக்கு உண்டு. விளம்பரம் அந்த விலக்கில் சேராது. குழந்தைகள் தொடர்பான கடமையை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. இன்று வீட்டில் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: அலைபேசியின் அமைப்புகளில் அந்தச் செயலிக்குத் தரப்பட்ட அனுமதிகளைத் திறந்து, தொடர்புகள், லொக்கேஷன் இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு அலைபேசியாக இருந்தால், தனியுரிமைப் பகுதியில் விளம்பரங்கள் என்பதற்குள் போய் விளம்பர அடையாள எண்ணையும் அழித்துவிடலாம். இதை மகனே இரண்டு நிமிடத்தில் செய்துவிடுவார்.

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடையில் பில் போடும்போது அலைபேசி எண் கேட்கிறோம். சில வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கிறார்கள். கேட்பது குற்றமா?
– கடை உரிமையாளர், கீழக்கரை.

பதில்: கேட்பது குற்றமன்று, கொடுக்காவிட்டால் பில் இல்லை என்று சொல்வதுதான் தவறு. எண் தந்தால்தான் பில் என்று வற்புறுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. மருந்துக்கடையில் பணம் கட்டியவர் இரசீதைத் தம் அலைபேசிக்கு அனுப்பச் சொல்லி எண் கொடுத்தால், அந்த இரசீதை அனுப்ப எண்ணைப் பயன்படுத்தலாம் என்று தரவுச் சட்டம் எடுத்துக்காட்டுகிறது. பெருநாள் தள்ளுபடிச் செய்தி அனுப்ப விரும்பினால், அதைத் தனியாகக் கேளுங்கள்: “பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா?” என்பது ஒரு கேள்வி, “புதுத் துணி வந்தால் தகவல் சொல்லட்டுமா?” என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதற்கு வேண்டாம் என்றவரின் எண்ணுக்கு நேரே கணினியில் அப்படியே குறித்துவையுங்கள். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்கும் வாய்ப்பு வாடிக்கையாளருக்குத் தரப்பட வேண்டும் என்பதால், கல்லாவுக்கு அருகில் நான்கு வரித் தமிழ் அறிவிப்பு ஒன்றை இப்போதே ஒட்டிவைப்பது நல்லது.