பெல்ட் கட்டினால் இடுப்பு தப்புமா?

கேள்வி: எங்கள் மெஷின் ஷாப்பில் 20 கிலோ காஸ்டிங் (உலோக வார்ப்பு) பெட்டிகள் பேலட்டில், அதாவது சரக்கு அடுக்கும் பலகைத் தட்டில், அடுக்கித் தரையில் வந்து இறங்கும். ஆட்கள் ஒவ்வொன்றாகத் தூக்கி, திரும்பி, மேசையில் வைக்க வேண்டும். அடிக்கடி யாராவது முதுகு பிடித்துக்கொண்டு லீவு போடுகிறார்கள். எல்லாருக்கும் இடுப்பு பெல்ட் கொடுத்து, 'முட்டியை மடக்கித் தூக்கு' என்று வகுப்பும் நடத்த நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. இது போதுமா?
– ஒரு ஷிஃப்ட் சூப்பர்வைசர்

பதில்: போதாது. பெல்ட் விஷயம் பழைய பஞ்சாயத்து. அடிபடாத தொழிலாளிக்கு அது பாதுகாப்பு தரும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 1994லேயே சொல்லிவிட்டது. கடை ஊழியர்களிடம் அவர்கள் நடத்தி 2000ல் வெளியான பெரிய ஆய்விலும், தினம் பெல்ட் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் முதுகுவலியில் வித்தியாசம் தெரியவில்லை.

சரி, முட்டியை மடக்கினால்? பெட்டி முட்டிகளுக்கு நடுவே நுழைகிற அளவாக இருந்தால் நல்லதுதான். அகலமான பெட்டியாக இருந்தால், மடங்கிய முட்டி பெட்டியை இன்னும் முன்னால் தள்ளிவிடும். முதுகுக்கு அதுதான் கேடு. தவிர, ஷிஃப்ட் முழுக்க உட்கார்ந்து எழுந்து தூக்க எந்தக் காலுக்கும் தெம்பு கிடையாது. மத்தியானத்துக்கு மேல் பாருங்கள், வகுப்பில் முதல் வரிசையில் இருந்தவரும் குனிந்துதான் எடுப்பார்.

நான் எந்த ஆலைக்குப் போனாலும் முதலில் எடுப்பது அளவு டேப்; தராசு அப்புறம்தான். நியோஷ் 1991ல் திருத்திய கணக்கின்படி, எல்லாம் தோதாக இருந்தால் ஒருவர் தூக்கக்கூடிய எடை 23 கிலோ. தோது என்றால், பிடிக்கும் இடம் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரம், கணுக்காலுக்கு நேரிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி, உடம்பு திரும்பாமல். இப்போது உங்கள் பேலட்டின் அடிவரிசைக்கு வாருங்கள். கை 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு இறங்கினால் 23 என்பது சுமார் 19 ஆகிறது. பேலட்டின் உள்பக்கப் பெட்டிக்கு எட்டி 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் அதில் பாதி போச்சு. 45 டிகிரி திரும்பினால் மிஞ்சுவது 8 கிலோ. எத்தனை தடவை, எவ்வளவு உயரத்துக்கு, பிடிமானம் எப்படி என்று சேர்த்தால் இன்னும் இறங்கும். உங்கள் பெட்டியோ 20.

ஆக, எடையைத் தொடாமலே நிறைய சாதிக்கலாம். பேலட்டைச் சிசர் லிஃப்ட் டேபிளில், அதாவது கத்தரிக்கோல் போல் மடங்கும் கால்களால் ஏறி இறங்கும் மேசையில், ஏற்றுங்கள். பாரம் குறையக் குறையத் தானாக எழும்பும் ஸ்பிரிங் வகை இருக்கிறது. மேல்தட்டு சுழல்வதாக வாங்கினால் உள்பக்கப் பெட்டியும் கைக்கு அருகே வந்துவிடும். அது வரும்வரை பேலட்டை ஏற்றி வைக்க உறுதியான ஒரு ஸ்டாண்ட் போதும். ஆனால் அடுக்கின் உயரத்தைக் குறையுங்கள். இல்லாவிட்டால் மேல்வரிசை தோளுக்கு மேலே போய், வலி இடுப்பிலிருந்து தோளுக்கு மாறும். மேசைக்கு அடியில் பாதம் நுழைய இடம் விடுங்கள். பேலட்டுக்கும் மேசைக்கும் நடுவே இரண்டு எட்டு நடக்கும் அளவு இடைவெளி இருக்கட்டும். நெருக்கி வைத்தால் நேரம் மிச்சம் என்று தோன்றும், ஆனால் கால் நகராமல் இடுப்பு மட்டும் திரும்பும்.

பெட்டியைப் பாதி எடையாக்கலாமே என்பார்கள். தூக்கும் தடவை இருமடங்காகும் என்பதை மறந்துவிடுவார்கள். ஃபோர்க்லிஃப்ட் போகிற இடமானால், ஆள் தூக்க நினைக்கவே முடியாத பெரிய தொட்டியில் வரவழைப்பதே எனக்குப் பிடித்த வழி.

கேள்வி: பாரம் ஏற்றிய ட்ராலியைத் தள்ளுவதா, இழுப்பதா?

பதில்: தள்ளுங்கள். இழுக்கும்போது ஒரு கை பின்னால் போய்த் தோள் முறுகும், வண்டி குதிகாலிலும் ஏறும். அதிக பலம் வேண்டியது வண்டி கிளம்பும் அந்த நொடியில்தான். கொக்கித் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தால் முள்ளே சொல்லிவிடும். முள் எகிறினால் ஆளைக் குறை சொல்லாமல் சக்கரத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலும் மெஷினில் சீவி விழும் இரும்புச் சுருள் அப்பியிருக்கும், இல்லையேல் சக்கரம் ரொம்பச் சின்னது. கைப்பிடி முழங்கை உயரத்தில் இருக்கட்டும்.

கேள்வி: ஹாய்ஸ்ட் (பாரத்தைக் கொக்கியில் மாட்டித் தூக்கும் கருவி) போட்டுக் கொடுத்தும் யாரும் தொடுவதில்லை. சோம்பேறித்தனமா?

பதில்: சோம்பேறி என்றால் ஹாய்ஸ்டைத்தானே தேடுவான்! கையால் தூக்க எவ்வளவு நேரம், ஹாய்ஸ்டில் எவ்வளவு நேரம் என்று நின்று பாருங்கள். ஹாய்ஸ்டில் நேரம் அதிகம் பிடித்து, உற்பத்தி டார்கெட் மட்டும் பழையதாகவே இருந்தால், அவர் கையால்தான் தூக்குவார். டார்கெட்டை ஹாய்ஸ்ட் நேரத்துக்குப் போட்டுக் கொடுங்கள். அப்படியே ஹாய்ஸ்டை இயக்கும் பட்டன் பெட்டி எந்த உயரத்தில் தொங்குகிறது என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.