கிளிப்புக்கு முன்னால் மாத்திரை அளவைப் பாருங்கள்
அண்ணே, குழித்துறையில் இருக்கும் அப்பாவுக்கு இதயத்தின் மைட்ரல் வால்வு கசிகிறது, எக்கோ ஸ்கேனில் இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 30, வால்வு இதழ்களைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு வால்விலேயா, இல்லை இதயத் தசை தளர்ந்து அறை விரிந்ததால் வால்வு சரியாக மூடவில்லையா? முதலில் அதைக் கேளுங்கள். தசைதான் என்றால் மருந்துக்குத்தான் முதலிடம். 2018ல் வந்த இரண்டு ஆய்வுகளில், பிரான்ஸில் 304 பேரிடம் செய்த மித்ரா-எஃப்ஆரில் கிளிப்பால் பலன் தெரியவில்லை, 614 பேரைச் சேர்த்த கோஆப்ட்டிலோ மரணமும் ஆஸ்பத்திரி சேர்க்கையும் நன்றாகவே குறைந்தன; ஆனால் அதில் மருந்தை உடம்பு தாங்கும் அளவுக்கு ஏற்றியும் கசிவு குறையாதவர்களைத்தான் எடுத்தார்கள். என் மாமாவுக்கு ஒரு வருஷம் அரை மாத்திரையிலேயே ஓட்டிவிட்டார்கள், அளவை ஏற்றலாமா என்று நாங்களும் கேட்கவில்லை; நீங்கள் கேளுங்கள். சந்தேகமென்றால் பக்கத்தில்தானே திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா ஆஸ்பத்திரி, எக்கோ சிடியோடு போய்க் காட்டுங்கள். அப்புறம், அந்த உப்புக் கருவாட்டை நிறுத்தச் சொல்லுங்கள்.