எச்செவேரியா அழுகுகிறது: மருந்தை நிறுத்துங்கள், மண்ணை மாற்றுங்கள்

கேள்வி: தம்பிக்கு, பள்ளத்தூரிலிருந்து எழுதுகிறேன். பெங்களூரில் இருக்கும் மகள் ஆடியில் வந்தபோது எச்செவேரியா, ஹவோர்தியா, ஜேட் என்று பீங்கான் கோப்பைகளில் வைத்த சதைப்பற்றுள்ள (சக்குலண்ட்) செடிகளும் ஒரு அடீனியமும் வாங்கிவந்து, வீட்டின் நடுவே திறந்த வளவு முற்றத்தைச் சுற்றி அடுக்கிவிட்டுப் போனாள். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து எச்செவேரியா இலைகள் நீர்கோத்துத் தொட்டாலே உதிர்கின்றன. கடைக்காரர் கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியும், தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவிலுள்ள 19:19:19 உரமும் கொடுத்தார். வாரம் ஒருமுறை தெளிக்கிறேன். தண்ணீர் தினமும் ஒரு கரண்டிதான் விடுகிறேன். ஒரு கள்ளியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறது. வேறு என்ன மருந்து அடிக்கலாம்? கொல்லையில் சோற்றுக்கற்றாழை யாரும் பார்க்காமலே புதராகக் கிடக்கிறதே, இவை மட்டும் ஏன் இப்படி?

பதில்: ஆச்சி, மருந்துப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். அழுகல் வேரிலிருந்து தண்டுக்கு ஏறிய பிறகு கார்பன்டசிம் அதைத் திருப்பாது. வேர் செத்த செடி உரத்தையும் எடுக்காது. அந்த 19:19:19 மண்ணில் உப்பாகச் சேர்வதுதான் மிச்சம். இரண்டையும் நிறுத்துங்கள். செடியைப் பார்க்காமல், கோப்பையில் ஓட்டை இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல் பாக்கெட்டை நீட்டிய கடைக்காரர் வியாபாரி. அவரிடம் வைத்தியம் கேட்காதீர்கள்.

ஓட்டை பற்றி நீங்களும் எழுதவில்லை. இருக்காது என்றே நினைக்கிறேன். தினமும் ஒரு கரண்டி என்பது குறைவாகத் தெரியும். ஆனால் வெளியேற வழியில்லாத கோப்பையில் பத்து நாளில் பத்துக் கரண்டி அடியில் நிற்கும். போதாததற்கு, நம் பக்கத்து வளவு முற்றம் நான்கு பக்க ஓட்டுத் தண்ணீரும் உள்ளே வந்து விழுவதற்கென்றே கட்டியது. ஐப்பசி, கார்த்திகையில் தாழ்வார ஓரம் வைத்த செடிக்குச் சாரலே போதும், அதன் கதையை முடிக்க.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது மண்ணைப் பற்றி. ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேரைப் பிடித்து இழுத்தால் தோல் மட்டும் உறையாகக் கழன்று, உள்ளே நூல் போன்ற நரம்பு நிற்கும். அது செத்த வேர். அதைச் சுற்றிக் கறுப்பாக, பிழிந்தால் சொட்டுகிற தூள் இருக்கும்: தென்னை நார்க்கழிவு. அதற்கும் உள்ளே கழுத்தை இறுக்கிக்கொண்டு ஒரு சின்ன வலைத்துணிப் பை இருந்தாலும் இருக்கும், நாற்றங்காலில் போட்டது. விற்பவர் எவரும் அதைச் சொல்வதில்லை.

நார்க்கழிவின் மேல் எனக்குள்ள கோபம் பழையது. குழித்தட்டில் மிளகாய் நாற்று விடுகிறவருக்கு அது நல்ல பொருள், மறுக்கவில்லை. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும். லாரியில் ஏற்ற எடை இல்லை. நர்சரிக்காரர்களுக்கு அதனால்தான் பிடிக்கிறது. இலையிலேயே தண்ணீரைச் சேமிக்கிற செடிக்கு, வேரிலும் ஈரத்தைக் கட்டிவைத்தால் என்ன ஆகும்? கோடையில் எதிர்க்கூத்து. ஒருமுறை சுக்காகக் காய்ந்து சுருங்கிவிட்டால் உடனே சீராக நனையாது. ஊற்றும் தண்ணீர் ஓரமாக ஓடிவிடும், வேர் காய்ந்தே கிடக்கும். "ரெடிமேட் சக்குலண்ட் மிக்ஸ்" என்று பையில் விற்பதிலும் பல நேரம் இதுதான் அதிகம் இருக்கிறது. பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

காரைக்குடிப் பக்கம் இருந்துகொண்டு இதற்குக் காசு செலவழிக்கவே வேண்டாம். இடித்த வீடுகளின் நாட்டு ஓடும் செங்கல்லும் எங்கு பார்த்தாலும் கிடக்கின்றன (இடிக்கிறார்களே என்ற வருத்தம் தனி). ஓட்டைக் கொண்டைக்கடலை அளவுக்கு உடைத்துத் தூளைச் சலித்து எறியுங்கள். அந்தச் சில்லு இரண்டு பங்கு, கழுவிய பருமணல் ஒரு பங்கு, செம்மண்ணும் நன்றாக மட்கிய தொழுவுரமும் சேர்ந்து ஒரு பங்கு. எம்-சாண்ட் என்றால் மாவு போகும்வரை அலசுங்கள். அந்த மாவு அடியில் சிமெண்டாக இறுகும். தொட்டி சுட்ட மண்ணில், ஓட்டையோடு, செடியைவிடச் சற்றே பெரியதாக இருந்தால் போதும். பீங்கானை ஊறுகாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அழுகிய எச்செவேரியாவில், அழுகலுக்கு மேலே தண்டைக் கூரான கத்தியால் வெட்டித் தலைப்பகுதியை எடுங்கள். வெட்டுமுகத்தில் பழுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் இன்னும் ஒரு சுற்று மேலே. சுத்தமான பச்சை வந்ததும் நிழலில் ஒரு வாரம் காயவிட்டு, காய்ந்த கலவையின் மேல் சும்மா உட்காரவையுங்கள். வேர் விட்ட பிறகு தண்ணீர். ஜேட் கிளைக்கும் இதே வழி.

இனித் தண்ணீருக்குக் கரண்டிக் கணக்கு வேண்டாம். விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை அடிவரை குத்தி எடுங்கள். மண் ஒட்டாமல் வந்தால், அடியில் ஒழுகும்வரை ஊற்றுங்கள், ஒட்டினால் விட்டுவிடுங்கள். இலை நீர்கோத்து உதிர்ந்தால் தண்ணீர் அதிகம், சுருங்கி மெலிந்தால் குறைவு. எச்செவேரியா பெரும்பாலும் மெக்சிகோ மலைச் செடி. இரவில்தான் இலைத்துளையைத் திறந்து மூச்சு வாங்கும். நம் சித்திரை, வைகாசி இரவு வெக்கையில் வளராமல் முடங்கிவிடும். வாடுகிறதே என்று அப்போது ஊற்றினால் வேர் வெந்துபோகும். கிழக்குப் பார்த்த வீடென்றால் முகப்புத் திண்ணை விளிம்பில், பத்து மணி வெயில்வரை படுகிற இடத்தில் வையுங்கள். ஹவோர்தியாவுக்கு அதுவும் அதிகம், சற்று உள்ளே தள்ளுங்கள்.

கொல்லைக் கற்றாழைக்கு இரகசியம் ஏதுமில்லை. சரளை மண், தண்ணீர் நிற்காத மேடு, மருந்து அடிக்க ஆளில்லை.

வெள்ளைப் பஞ்சை ஒரு குச்சியால் நசுக்குங்கள். வெறும் மாவாக வந்தால் மாவுப்பூச்சி. இரத்தச் சிவப்பாக வந்தால் அதன் உறவான கொச்சினீல் பூச்சி. 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து, காடாகப் பரவிய சப்பாத்திக்கள்ளியை அழிக்க விட்டது அதைத்தான். இரண்டுக்கும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைப்பது போதும். எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் வேரிலும் பூச்சி இருக்கலாம்.

அடீனியத்தைப் பற்றி மகள் கேட்டால்: மார்கழியில் அது இலை கொட்டுவது நோயல்ல. அடித்தண்டு கல்லாக இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்துவிட்டுத் தண்ணீரைக் குறையுங்கள். கிளையை மாசியில் வெட்டலாம், கையுறை போட்டுக்கொண்டு. பால் விஷம், கண்ணில் படக் கூடாது.